நீளம், சென்டிமீட்டரில்

செயலியில் ஒரு கட்டம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் விடாது:
மிளகாயின் நீளம், சென்டிமீட்டரில்.

இருமேனிக் குண்டு மிளகாய்க்கு ஏது நீளம்?
உருட்டிவிட்டால் களத்தின் விளிம்புவரை ஓடும்.
காதருகே ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும்.
அதைக் கேட்க ஒரு கட்டம் இல்லை.

மகள் ஜியாமென்ட்ரி பெட்டி ஸ்கேலோடு வந்தாள்.
காம்போடு மூன்றரை.
காம்பு கிள்ளினால் இரண்டே கால்.
"குறைந்தபட்சம் ஆறு" என்றது சிவப்பு எழுத்து.
ஏழு என்று போட்டேன்.
பச்சையானது.

பொய்தான்.
ராமநாதபுரம் கமிஷன் கடையில்
தரகர் முத்திருளப்பன் துண்டைப் போர்த்தி
என் வீட்டுக்காரர் விரலைப் பிடித்துச் சொன்ன விலை
பதினாறு வருஷம் எனக்குத் தெரிந்ததில்லை.
துண்டுக்கு வெளியே நின்றவள் நான்.
சாக்குக்கு இரண்டு கிலோ கழிவு
மண்ணுக்கு, ஈரத்துக்கு, கோயில் உண்டியலுக்கு என்று.
ஆனாலும் மோட்டார் எரிந்த நடுச்சாமத்தில்
கதவைத் தட்டினால்
ஈரத் துண்டில் கை துடைத்து
எண்ணிக் கொடுத்ததும் அதே விரல்தான்.
செயலி நூற்றுக்குப் பன்னிரண்டு பிடிக்கிறது.
விலை என் கண்ணுக்குத் தெரிகிறது.
தட்ட அதற்குக் கதவு இல்லை.

பங்குனியில் ஒரு ராத்திரி, பத்தே முக்கால்.
சென்னையில் ஏதோ ஓர் உணவகம்.
பன்னிரண்டு கிலோ வற்றல்.
முப்பது நிமிடத்துக்குள் ஏற்கவும்.

அந்த நேரம் பார்த்துத்தான் போன்
"இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்" என்றது.
கடலுக்கு அந்தப் பக்கத்துக் கோபுரம்
எங்கள் பக்கத்துக் கோபுரத்தைவிட
நன்றாகக் கூப்பிடும் சில ராத்திரிகளில்.
"உங்கள் நாட்டில் இந்தச் சேவை இல்லை" என்றது செயலி.

காலடியில் என் களம்.
பட்டாவில் என் பெயர்.
படுதா மூடிய குவியலிலிருந்து நெடி ஏறி
நானே தும்முகிறேன்.
நான் நிற்பது வேறு நாடு.

செருப்புப் போடாமல் ஓடினேன்.
தென்னந்தோப்பில் வரவில்லை.
ஊருணிக் கரையில் ஒரு கோடு வந்து போனது.
ரயில்வே கேட்டில் அருளானந்து டார்ச் அடித்தான்.
"என்னக்கா, தூக்கத்துல நடக்குறியா?"
"நம்ம நாட்டைத் தேடுறேன்டா."
"இங்கனதான் இருந்துச்சு" என்று
தண்டவாளத்துக்கு வடக்கே கை காட்டினான்.

ரெண்டு கோடு.
மிச்சம் நாலு நிமிடம்.
ஏற்கிறேன்.
முள் ஏறிய கால் அப்போதுதான் வலித்தது.

விடிந்ததும் வேன் வந்தது.
ஓட்டிவந்த ஃபாயிஸ்
சாக்கில் ஒரு கட்டங்கட்டமான ஸ்டிக்கரை ஒட்டி
என் பெயர் அதற்குள் இருக்கிறது என்றான்.
முழிமுழி என்று பார்த்தேன். தெரியவில்லை.
வாங்கியவரின் எண்ணும் அப்படித்தான்
முதலில் இரண்டு, கடைசியில் இரண்டு,
நடுவே ஆறு நட்சத்திரம்.
அதற்குப் பின்னால் ஏதோ அடுப்பு எரிகிறது.
என் களத்து வெயில் எண்ணெயில் விழுந்து
முகம் தெரியாத யாரையோ இருமவைக்கும்.

மூன்றாம் நாள் மதிப்பீடு வந்தது.
நீளம் குறைவு. இரண்டு நட்சத்திரம்.
மகள் படித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை.
நான் படுதாவை இழுத்து மூடினேன்,
மழை ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அதே எண்ணிலிருந்து
இருபத்தைந்து கிலோ.

மறுபடி அந்தக் கட்டம்.
"இப்பவாவது உள்ளதைப் போடலாமாம்மா?"
கேட்டுவிட்டு அவளே குவியலில் கைவிட்டு
மூன்று மிளகாய் எடுத்தாள்.
காம்பு கிள்ளினாள்.
ஸ்கேல் ஓரமாக ஒன்றோடொன்று ஒட்டி
வரிசையாக வைத்தாள்.
ஆறே முக்கால்.

"கிட்டத்தட்ட உண்மைதான்" என்றாள்,
விரலைக் கண்ணில் வைத்துவிடாமல்
தூரமாகப் பிடித்துக்கொண்டு.